ஒரு சுற்றா, இரண்டு சுற்றா?

மிக்சியோ பைக்கோ பழுதானால் கடைக்காரர் வேறொரு மாடலின் பாகத்தை எடுத்து நீட்டி, "இதுவும் சேரும், போட்டுப் பாருங்க" என்பார். போட்டால் சில சமயம் சேர்ந்துவிடும், ஓடவும் ஓடும். சில சமயம் துளைக்குத் துளை அச்சாகப் பொருந்தியும் இயந்திரம் முரண்டு பிடிக்கும். அளவு சரி, வடிவம் சரி, வயர் இணைப்பும் சரி. பிறகு எதுதான் சரியில்லை?

இந்தக் கேள்வியை நெருப்பிடம் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். அமெரிக்காவின் வடகிழக்கில் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களிலும் வடமேற்கில் ஓரிகான், வாஷிங்டன் மாநிலங்களிலும் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் பெல்லட் அடுப்புகள் ஏராளம். அவற்றில் கால் நூற்றாண்டைத் தாண்டியவையும் இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்த நிறுவனங்களில் சில மூடப்பட்டுவிட்டன, சில கைமாறிவிட்டன. உதிரிபாகம் கிடைக்காத உரிமையாளர்கள் வேறு மாடலின் மோட்டாரையும் விசிறியையும் தேடிப் பொருத்துகிறார்கள். பழுதே இல்லாத அடுப்பைக்கூடச் சிலர் விட்டுவைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் சூடு தராதா என்ற ஆசை அவர்களுக்கு.

சமைக்காத அடுப்பு

பெயர் அடுப்பு என்றாலும் இதில் யாரும் சமைப்பதில்லை. இது அறையைச் சூடாக்கும் கணப்பு. இதன் எரிபொருள் மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகள். வட அமெரிக்காவில் இவை கால் அங்குலத் தடிமன், ஐரோப்பாவில் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். இவற்றை இங்கே மரக்குறுணை என்று அழைப்போம். குறுணையில் பொதுவாகப் பசை எதுவும் சேர்ப்பதில்லை. மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள், அழுத்தத்திலும் சூட்டிலும் இளகி, ஆறும்போது தூளைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அழுத்தத்துக்குச் சாட்சி வேண்டுமானால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். விறகு மிதக்கும், நல்ல குறுணை மூழ்கும்.

1973-இல் எண்ணெய் விலை எகிறியபோது அமெரிக்கர்கள் மீண்டும் மரத்தின் பக்கம் திரும்பினார்கள். ஆனால் விறகடுப்பை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்ட் 1980-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில், குறுணையைத் தானே ஊட்டிக்கொள்ளும் வீட்டு அடுப்பை உருவாக்கினார். மரம் எல்லாம் ஒரே அளவுத் துண்டுகளாகிவிட்டதால் ஊட்டும் வேலையை இயந்திரத்திடம் விட முடிந்தது.

அதன் உள்ளே நடப்பது இவ்வளவுதான். மேலே ஒரு தொட்டியில் குறுணை. தொட்டியின் அடியில் ஒரு திருகு, கியர் மோட்டாரால் மெதுவாகச் சுழன்று குறுணையை மேலே ஏற்றி ஒரு சரிவில் விழவைக்கிறது. சரிவின் கீழே துளைகள் போட்ட இரும்புக் கிண்ணம், அதாவது எரிகிண்ணம். அங்கேதான் நெருப்பு. புகைக்குழாய்ப் பக்கம் இருக்கும் புகைவிசிறி, எரிந்த வாயுவை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பில் புதுக்காற்று கிண்ணத்தின் துளைகள் வழியே உள்ளே வருகிறது. அறைவிசிறி என்ற இன்னொரு விசிறி, சூடான இரும்புக்குழாய்களின் மேல் அறைக்காற்றை ஊதி வெப்பத்தை அறைக்குள் அனுப்புகிறது. புகை போகும் வழி வேறு, அறைக்காற்று போகும் வழி வேறு. இரண்டும் கலப்பதே இல்லை. இத்தனைக்கும் மின்சாரம் வேண்டும். வழக்கமான உபயோகத்தில் மாதம் சுமார் 100 யூனிட் ஆகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. கரன்ட் போனால் விசிறி நிற்கும், விசிறி நின்றால் நெருப்புக்கு மூச்சு நிற்கும்.

ஆக, இந்த அடுப்பை ஆட்டிவைப்பவை இரண்டு: ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ குறுணை விழுகிறது, அதே நேரத்தில் எத்தனை கிலோ காற்று நுழைகிறது. காற்றைக் கிலோவில் அளப்பது விந்தையாகத் தோன்றலாம். நெருப்புக்கு அதுதான் கணக்கு. ஒரு கிலோ குறுணை முழுதாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும்.

வேண்டுமென்றே விட்ட காற்று

6 கிலோ என்பது தாளில் வரும் குறைந்தபட்சக் கணக்கு. மரம் சூடானதும் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வாயுவாகப் பிரிந்து மேலே எழுகிறது. நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். மிச்சம் கரியாகக் கிண்ணத்தில் தங்கிக் கனல்கிறது. வாயு மேலே பறந்துவிடுவதற்குள் ஒவ்வொரு துளியும் ஆக்சிஜனைச் சந்தித்தாக வேண்டும். கச்சிதமாக 6 கிலோ விட்டால் எல்லாத் துளிக்கும் எட்டாது. எனவே சிறிய அடுப்புகளுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதாவது 12 கிலோ அளவில் காற்று கொடுப்பது நியாயம்.

ஆனால் பழைய அமெரிக்க அடுப்புகள் சிலவற்றில் இதைவிடப் பல மடங்கு காற்று புகுந்தது. காரணம் அறிவியல் அல்ல, சட்டம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-இல் விறகடுப்புகளின் புகைக்கு வரம்பு விதித்தது. திறந்த நெருப்பிடங்களை அந்த விதிக்குள் கொண்டுவர அது விரும்பவில்லை. அவை எக்கச்சக்கமாகக் காற்றை இழுப்பவை. ஆகவே எரிபொருள் 1 பங்குக்குக் காற்று 35 பங்குக்கு மேல் போகும் சாதனங்களுக்கு விலக்கு என்று எழுதியது. குறுணை அடுப்பு செய்தவர்களில் சிலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். காற்றை அளவுக்கு மேல் விட்டால் சான்றிதழ்ச் சோதனையே வேண்டாம்! இந்தச் சலுகை 2015-இல் விதி திருத்தப்படும்வரை நீடித்தது. புதிய விதியில் குறுணை அடுப்புகளும் அடக்கம்; 2020 மே முதல் மணிக்கு 2 கிராம் துகளுக்கு மேல் புகைக்கக் கூடாது.

அதிகக் காற்றால் என்ன கெட்டுவிடும்? ஒரு கிலோ குறுணை எரிந்தால் சுமார் 17,000 கிலோஜூல் வெப்பம் வரும். 35 கிலோ காற்றும் 1 கிலோ மரமும் சேர்ந்து 36 கிலோ வாயு புகைக்குழாயில் போகிறது. அது அறையைவிட 150 டிகிரி கூடுதல் சூட்டில் வெளியேறுவதாகக் கொள்வோம். ஒரு கிலோ வாயுவை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் ஒரு கிலோஜூல். 36-ஐ 150-ஆல் பெருக்கினால் 5,400. அதாவது விலை கொடுத்து வாங்கிய வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வானத்துக்குப் போகிறது. காற்று 12 கிலோவாக இருந்திருந்தால் அதே சூட்டில் இழப்பு 1,950, ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான்.

பழைய அடுப்பின் உரிமையாளர் "இது சூடு தரவில்லை" என்று குறைபட்டால், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சிக்கல் அவர் தேடும் மருந்தில்தான் தொடங்குகிறது.

மோட்டாரை மாற்றினால்

திருகைச் சுழற்றும் கியர் மோட்டாரின் லேபிளில் அதன் வேகம் இருக்கும். நிமிடத்துக்கு 1 சுற்று என்பது பல பழைய மாடல்களில் வழக்கம். வேறு மாடல்களில் 2 சுற்று மோட்டார் உண்டு, 4 சுற்று மோட்டாரும் உண்டு. உடல் ஒன்று, அச்சு ஒன்று, வயர் ஒன்று. 1-ஐக் கழற்றி 2-ஐ மாட்டுவது எளிது.

மாட்டும்போதே முதல் பொறி காத்திருக்கிறது. இந்த மோட்டார்கள் வலஞ்சுழியாகவும் வரும், இடஞ்சுழியாகவும் வரும். தப்பான திசை மோட்டாரை மாட்டினால் திருகு ஒழுங்காகச் சுழலும், குறுணையும் ஒழுங்காக நகரும், ஆனால் நெருப்பை விட்டு விலகி. இது நல்ல வகைத் தவறு. முதல் பத்து நிமிடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திசை சரி என்றே வைத்துக்கொண்டு ஒரு அடுப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருகு ஒரு சுற்றுக்கு 50 கிராம் குறுணை தள்ளுகிறது. மோட்டார் ஓயாமல் ஓடினால் மணிக்கு 60 சுற்று, 3 கிலோ. ஆனால் அது ஓயாமல் ஓடுவதில்லை. டைமர் அதை 10 விநாடிக்கு ஒருமுறை தட்டி எழுப்புகிறது. தாழ்நிலையில் 2 விநாடி ஓட்டம், 8 விநாடி ஓய்வு. உச்சநிலையில் 6 விநாடி ஓட்டம், 4 விநாடி ஓய்வு. அப்படியானால் தாழ்நிலையில் மணிக்கு 0.6 கிலோ விழும், உச்சத்தில் 1.8 கிலோ. புகைவிசிறி தாழ்நிலையில் மணிக்கு 18 கிலோ காற்றும், உச்சத்தில் 30 கிலோவும் இழுக்கட்டும். விகிதம் தாழ்நிலையில் 30, உச்சத்தில் சுமார் 17. காற்று தாராளமாகப் புழங்கும் பழைய அடுப்பு இப்படித்தான் இருக்கும்.

இப்போது 2 சுற்று மோட்டார். டைமருக்கு மோட்டார் மாறியது தெரியாது. அது அதே 2 விநாடியும் 6 விநாடியுமே கொடுக்கிறது. குறுணை இரட்டிப்பாகிறது: தாழ்நிலையில் 1.2 கிலோ, உச்சத்தில் 3.6 கிலோ. விசிறிக்கும் எதுவும் தெரியாது. அதே 18, அதே 30.

தாழ்நிலையின் புதிய விகிதம் 15. அருமை! 30-ஆக இருந்ததைவிட இது எவ்வளவோ மேல். சுடர் பிரகாசமாகிறது, வெப்பம் இரு மடங்குக்கும் மேல் கூடுகிறது, புகைக்குழாயில் வீணாவதன் பங்கு குறைகிறது. இலையுதிர் கால அக்டோபரில் அடுப்பைத் தாழ்நிலையில் ஓட்டும் உரிமையாளர் தன் கைவேலையை மெச்சிக்கொள்வார். அந்த மாதம் முழுக்க அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

ஜனவரி

ஜனவரிக் குளிரில் அடுப்பு உச்சநிலைக்குப் போகும். அங்கே புதிய விகிதம் 8-ஐச் சற்றுத் தாண்டுகிறது. 6-ஐவிட அதிகம்தானே என்று தாள் சொல்லும். கிண்ணத்துக்குள் நிலைமை வேறு. முன்பைவிட இரு மடங்கு குறுணை குவிந்து அடித்துளைகளை மூடுகிறது. மேலெழும் வாயுவும் இரு மடங்கு. அது எரிந்து முடிய இருக்கும் இடமோ அதே பழைய இடம்.

இதற்கு மேல், பலரும் யோசிக்காத ஒன்று நடக்கிறது. புகைவிசிறி காற்றைக் கிலோவில் அளப்பதில்லை, கன அளவில் அள்ளுகிறது. நெருப்பு பெரிதானால் புகை சூடாகும், சூடான வாயு விரியும், விரிந்த வாயுவின் ஒரு கன அடியில் எடை குறைவு. புகையின் சூடு 150 டிகிரி செல்சியஸிலிருந்து 250-க்கு ஏறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே வேகத்தில் சுழலும் அதே விசிறி இப்போது ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் இழுக்கிறது. விகிதம் 7-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நெருப்புக்குக் காற்று அதிகம் வேண்டிய அந்த நேரத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது.

விளைவைக் கண்ணால் பார்க்கலாம். துள்ளி எரிந்த மஞ்சள் சுடர் நீண்டு, சோம்பி, செம்மஞ்சளாகி, நுனியில் கரும்புகை விடும். கதவின் கண்ணாடி ஒரே இரவில் கறுத்துவிடும். கண்ணால் பார்க்க முடியாததுதான் ஆபத்து. அரைகுறையாக எரிந்த கரி, கார்பன் மோனாக்சைடாகப் புகையோடு கலக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நெருப்பறைக்குள் விசிறியின் இழுப்பு இருப்பதால் அங்கே விரிசல் இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும். ஆனால் விசிறியைத் தாண்டிய குழாயில் அழுத்தம் வெளிநோக்கித் தள்ளுகிறது. அங்கே ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால் புகை நேரே வீட்டுக்குள் வரும்.

இன்னொரு கணக்கும் பாக்கி. மணிக்கு 3.6 கிலோ குறுணை என்றால் 17 கிலோவாட் வெப்பம். அடுப்பின் குழாய்களும் அறைவிசிறியும் எட்டரை கிலோவாட்டுக்குச் செய்யப்பட்டவை.

பெரிய விசிறி தீர்வா?

குறுணை இரட்டித்தது, காற்றையும் இரட்டித்தால் போயிற்று என்று அடுத்த பாகம் தேடுவார்கள். பெரிய மாடலின் புகைவிசிறி வந்து சேரும். உச்சநிலையில் அது உதவும். தாழ்நிலையில் பழைய வியாதி திரும்பிவிடும், ஏனெனில் அங்கே இருந்த 15 மறுபடி 30 ஆகிறது. பலத்த காற்றில் குறுணை கிண்ணத்தில் குதிக்கும், பாதி எரிந்த கரி சாம்பல் தட்டில் போய் விழும்.

சரி, எரிகிண்ணத்தையும் மாற்றலாமா? பக்கத்து மாடலின் கிண்ணம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், துளைகள் மட்டும் 6 மில்லிமீட்டருக்குப் பதில் 8. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் வளர்கிறது: 36 இருந்த இடத்தில் 64. கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடுதல் வழி. அந்தக் கிண்ணம் தன் இருக்கையில் ஒட்டி உட்காராமல் ஓரத்தில் ஒரு சிறு சந்து விட்டாலோ, நிலைமை தலைகீழ். காற்று சுலபமான வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். நெருப்புக்குக் கீழே போகாமல் சந்து வழியே சுற்றிப் போய்விடும்.

இப்படி ஒவ்வொரு பாகமும் அடுத்த பாகத்தைக் கேட்கிறது. உண்மையில் புதிய மாடலிலிருந்து பழைய மாடலுக்குக் கொண்டுவர வேண்டியது மோட்டாரோ விசிறியோ அல்ல, அவற்றுக்கு இடையே உள்ள உடன்பாடு. புதிய அடுப்புகளில் அது சர்க்யூட் போர்டில் இருக்கிறது. ஊட்டும் அளவு ஏற ஏற விசிறியின் வேகத்தையும் போர்டே ஏற்றுகிறது. பல ஐரோப்பிய மாடல்களில் விசிறியின் சுற்றுகளை எண்ணிப் பார்க்கும் உணரியும் புகையின் சூட்டைப் பார்க்கும் உணரியும் உண்டு. ஆஸ்திரியாவில் தயாராகும் பல குறுணைக் கொதிகலன்கள் இன்னும் ஒரு படி மேலே போய், புகையில் மிஞ்சிய ஆக்சிஜனையே அளக்கின்றன. அதை அளக்கும் லாம்டா உணரி கார் உலகத்திலிருந்து வந்தது. 1976-இல் போஷ் செய்த அது முதலில் வால்வோ கார்களில் வந்தது. பழைய குறுணை அடுப்பில் இந்த வேலையைப் பெரும்பாலும் காற்றுவழியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு தகட்டுக் கம்பி செய்கிறது. மனிதர் சுடரைப் பார்த்து அதை இழுக்க வேண்டும் அல்லது தள்ள வேண்டும். பழைய அடுப்பில் மோட்டாரை மாற்றியவர் தொட வேண்டிய முதல் பொருள் அந்தக் கம்பி. பலர் கடைசியில்தான் தொடுகிறார்கள்.

ஒன்றுபோல இருக்கும் வில்லைகள்

அடுப்பின் உடலில் அங்கங்கே சிறு உலோக வில்லைகள் ஒட்டியிருக்கும். உள்ளே இரு உலோகத் தகடு. குறிப்பிட்ட சூட்டில் அது டப்பென்று வளைந்து மின்சுற்றை இணைக்கும் அல்லது துண்டிக்கும். புகைவழியில் இருக்கும் வில்லை "நெருப்பு உயிரோடு இருக்கிறது" என்று சாட்சி சொல்லும். 45 அல்லது 50 டிகிரி செல்சியஸ் அளவில் இணையும். உச்சவரம்பு வில்லை அதிகச் சூட்டில், ஏறத்தாழ 93 முதல் 120 டிகிரிக்குள், ஊட்டும் மோட்டாரை நிறுத்தும்.

வேறு மாடலிலிருந்து எடுத்த வில்லையை வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. சூட்டின் எண் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். சில தயாரிப்புகளில் எண்ணுக்கு முன் ஓர் எழுத்து: எஃப் என்றால் சூடானால் இணைவது, எல் என்றால் சூடானால் துண்டிப்பது. எழுத்து மாறிவிட்டால் அடுப்பு கிளம்பாது, அல்லது சூடானதும் நின்றுவிடும். எண் மாறுவது அப்படியல்ல. 200 ஃபாரன்ஹீட் வில்லை இருக்க வேண்டிய இடத்தில் 250 இருந்தால் அடுப்பு தினமும் குறையில்லாமல் எரியும். அது நிறுத்தியிருக்க வேண்டிய அந்த ஒரு நாளில் மட்டும் நிறுத்தாது.

17 கிலோவாட் அடுப்பில் உச்சவரம்பு வில்லை அடிக்கடி துண்டிக்கும். அப்போது அதன் இரு முனைகளையும் ஒரு வயரால் இணைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அடுப்பு உடனே "சரியாகிவிடும்". இங்கே சொல்லப்பட்ட மாற்றங்களில் எந்த நியாயமும் இல்லாதது இது ஒன்றுதான். வில்லை அங்கே பழுதாகவில்லை. இரு மடங்கு எரிபொருள் விழுகிறது என்ற உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

எதைக் கடன் வாங்கலாம்?

எல்லாவற்றையும் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. கதவைச் சுற்றிய கண்ணாடியிழைக் கயிறு, அதே தடிமன் என்றால், எந்த மாடலுடையதும் ஆகும். திருகின் பேரிங், புகைவிசிறியின் கேஸ்கெட், அதே அளவுள்ள கதவுக் கண்ணாடி ஆகியவை விகிதத்தைத் தொடாதவை. மோட்டாரில் நான்கு விவரங்கள் ஒத்துப்போக வேண்டும்: சுற்று, திசை, வோல்ட், ஹெர்ட்ஸ். நான்காவதைப் பலர் படிப்பதே இல்லை. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50. இவ்வகை மோட்டார்களின் வேகம் ஏறத்தாழ ஹெர்ட்ஸைப் பின்பற்றுவதால், 60-க்குச் செய்தது 50-இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும்.

கையால் பற்றவைக்கும் பழைய அடுப்பில் புதிய மாடலின் மின்பற்றவைப்பானைச் செருகும் ஆசையைத் தள்ளிப்போடுவது நல்லது. அது வெறும் சூட்டுக்கம்பி அல்ல. எப்போது சூடேற வேண்டும், எவ்வளவு குறுணை முதலில் விழ வேண்டும், பற்றாவிட்டால் எப்போது கைவிட வேண்டும் என்ற வரிசை போர்டில் இருக்கிறது. பழைய போர்டுக்கு அது தெரியாது.

அமெரிக்காவில் இந்த அடுப்புகள் ஏஎஸ்டிஎம் இ1509 என்ற தரத்தின்படி முழு அடுப்பாகச் சோதிக்கப்படுகின்றன. ஊட்டும் வேகத்தையோ காற்றையோ மாற்றிவிட்டால் அந்தச் சான்று நிற்காது. தீவிபத்துக் காப்பீடு கேட்கும்போது இது பெரிய விஷயமாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றியே தீருவேன் என்பவர், புதிய பாகத்தோடு அடுப்பை முதலில் தாழ்நிலையில் சோதித்துத் திருப்தி அடைய வேண்டாம். ஒரு பகல் வேளையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது, உச்சநிலையில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சுடரின் நிறத்தையும் கண்ணாடியையும் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை அதற்கு முன்பே படுக்கையறைக்கு அருகில் மாட்டிவிடுங்கள்.